'தீஸ் கைண்ட் ஆஃப் ட்ரீஸ்' தப்பா? பலகையில் எழுதிவிட்டேன், திருத்தித் தாருங்கள்

கூக்கால் பாதை

எல்லோருக்கும் வணக்கம். நான் கூக்கால் பக்கம் ஒரு சின்ன விடுதியில் வேலை பார்க்கிறேன். தங்க வருகிறவர்களைக் காலையில் சோலை ஓரமாக நடக்கக் கூட்டிப்போவது என் பொறுப்பு. வழியில் மரம், பறவை பற்றிப் பலகை வைக்கலாம் என்று முதலாளி சொன்னார். தகரம் வெட்டி, பச்சை அடித்து, காய்ந்த பிறகு வெள்ளை எனாமலில் நானே எழுதினேன். மொத்தம் ஏழு பலகை.

முதல் பலகை ரோடோடென்ட்ரான் மரத்தடியில் இருக்கிறது. காட்டுப்பூவரசு என்றும் சொல்வார்கள், சிவப்பாகப் பூக்கும். பலகையில் உள்ளது இது: 'தீஸ் கைண்ட் ஆஃப் ட்ரீஸ் இஸ் குரோயிங் அட் த எட்ஜ் ஆஃப் த ஷோலா.'

போன வாரம் வந்த ஒருவர் அதைப் படம் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, விடுதிக்கு மதிப்பெண் போடுகிற பக்கத்தில் ஏற்றிவிட்டார். எது தப்பு என்று எழுதவில்லை. முதலாளி திட்டவில்லை, "சரி பண்ணிடுப்பா" என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவன் நான். வட்டம் முதல் நாலு சொல்லையும் சேர்த்துச் சுற்றியிருப்பதால் குற்றம் எந்தச் சொல்லில் என்று பிடிபடவில்லை.

'கைண்ட் ஆஃப்' வந்தால் அடுத்தது ஒருமையா, பன்மையா? 'கைண்ட்ஸ்' என்று எழுத வேண்டுமா? அந்த இடத்தில் ஒரு எஸ் நுழைக்கப் பலகையில் இடம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

லவ்டேல் ரயில்

'கைண்ட்'டை 'கைண்ட்ஸ்' ஆக்குங்கள், 'இஸ்'ஸை 'ஆர்' ஆக்குங்கள். வேலை முடிந்தது.

கூக்கால் பாதை

நன்றி அண்ணா. ஆனால் அந்தப் பலகை ஒரே வகை மரத்துக்குத்தானே? 'கைண்ட்ஸ்' என்றால் பல வகை என்று ஆகிவிடாதா?

கோத்தகிரி டீச்சர்

தம்பி, உங்கள் சந்தேகம் சரியான சந்தேகம். ஒரே வகை என்றால் 'கைண்ட்ஸ்' வேண்டாம். மேலே சொன்ன திருத்தத்தில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் பொருள் மாறிவிடும். மரத்தடியில் நின்று படிக்கிறவர் "பல வகையா? மற்றது எங்கே?" என்று சுற்றிப் பார்ப்பார்.

32 வருடம் இங்கிலீஷ் பாடம் எடுத்திருக்கிறேன். பிள்ளைகள் அதிகம் தடுக்குகிற இடங்களில் இது ஒன்று. விதியை மனப்பாடம் செய்யச் சொன்னால் பரீட்சை வரைக்கும் நிற்கும், அப்புறம் போய்விடும். அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன்.

வருடத்துக்கு ஒரு தடவை ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவோம். 1848ல் தொடங்கிய பூங்கா. பிள்ளைகள் புல்வெளியைப் பார்த்ததும் உருளத்தான் ஓடுவார்கள். நான் அவர்களை முதலில் மரங்களிடம் கொண்டுபோய்ப் பெயர்ப்பலகைகளைப் படிக்கவைப்பேன். பக்கத்தில் அதே மரம் பத்து நின்றாலும் பலகையில் பெயர் ஒருமையில்தான் இருக்கும். பலகைக்கு மரத்தை எண்ணுகிற வேலை இல்லை, இனத்தின் பெயரைச் சொல்கிற வேலைதான். 'திஸ் கைண்ட் ஆஃப்' என்று எழுதியதும், அடுத்து அந்தப் பலகையில் இருக்கிற பெயரை எழுதப்போகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 'ட்ரீ' அல்லது 'பேர்ட்' அல்லது 'ஃப்ளவர்', அவ்வளவுதான். பேச்சில் 'கைண்ட் ஆஃப் எ ட்ரீ' என்று நடுவில் ஒரு 'எ' சேரும், எழுத்தில் அது வேண்டாம்.

சுட்டுச்சொல்லும் வினையும் 'கைண்ட்'டைப் பார்த்துத்தான் நிற்கும். 'கைண்ட்' ஒன்று, அதனால் முன்னால் 'திஸ்', பின்னால் ஒருமை வினை. உங்கள் வாக்கியத்தில் வினையை ஒருமையில் சரியாகவே போட்டிருக்கிறீர்கள். முன்னால் 'தீஸ்' வந்ததுதான் குற்றம், அது அடுத்த 'ட்ரீஸ்'ஸையும் இழுத்துக்கொண்டது.

உண்மையிலேயே பல வகை என்றால் 'தீஸ் கைண்ட்ஸ் ஆஃப் ட்ரீ' என்றும் எழுதலாம், 'தீஸ் கைண்ட்ஸ் ஆஃப் ட்ரீஸ்' என்றும் எழுதலாம். பிரிட்டிஷ் எழுத்தில் ஒருமையைத் தாராளமாகப் பார்க்கலாம், அமெரிக்கர்களுக்குப் பன்மைதான் பழக்கம். எது எழுதினாலும் வினை பன்மை. 'டைப்', 'சார்ட்' இரண்டுக்கும் இதே நடைதான்.

இன்னொன்று. 'இஸ் குரோயிங்' வேண்டாம். அது 'இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறது' என்று கேட்கும். எப்போதும் நடப்பதற்கு 'குரோஸ்' போதும்.

லவ்டேல் ரயில்

டீச்சர் சொன்ன பிறகு என் திருத்தத்தைத் திரும்பப் படித்தேன். பொருள் மாறத்தான் செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே 'தீஸ் கைண்ட் ஆஃப் திங்ஸ்' என்று சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவர்கள் சொன்னால் பேச்சு, நாம் எழுதினால் சிவப்பு வட்டமா?

கோத்தகிரி டீச்சர்

நியாயமான கேள்வி. அவர்கள் சொல்வது இன்று நேற்று வந்ததும் அல்ல. ஷேக்ஸ்பியரின் கிங் லியரில் கார்ன்வால் பிரபு 'தீஸ் கைண்ட் ஆஃப் நேவ்ஸ்' என்று பேசுகிறான். எழுதி 400 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதனால் அந்தத் தொடரைப் பார்த்ததும் 'இங்கிலீஷ் தெரியாதவன் எழுதியது' என்று முடிவு கட்டுகிறவருக்கு அந்த மொழியின் வரலாறு தெரியவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

அவர்கள் காதில் நடப்பது இதுதான். 'கைண்ட் ஆஃப்' இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே அடைமொழி மாதிரி ஆகிவிடுகிறது, 'இந்த மாதிரி' என்று நாம் சொல்வதைப் போல. அப்புறம் மனசு 'திங்ஸ்'ஸைத்தான் தலைச்சொல்லாக எடுத்துக்கொள்கிறது. தலை பன்மை என்றால் முன்னால் 'தீஸ்' வரும். 'இட் இஸ் கைண்ட் ஆஃப் கோல்ட்' என்று பேச்சில் வருவதும் அதே ஒட்டுதான், அங்கே வகை என்ற பொருளே கரைந்துபோய் 'ஒரு மாதிரி குளிர்' என்று ஆகிவிட்டது.

ஆனாலும் பலகையிலும் விண்ணப்பத்திலும் அதை எழுத வேண்டாம். அங்கே படிக்கிறவர் நம் குரலைக் கேட்பதில்லை, எழுத்தை மட்டும் பார்க்கிறார்.

சோலைக்குருவி

கொடைக்கானலில் பறவை பார்க்கிறவன் நான். டீச்சர், ஒரு இடத்தில் இந்த விதி உதைக்கிறது. கூட்டமாகப் பறவை பறந்தால் 'வாட் கைண்ட் ஆஃப் பேர்ட்ஸ் ஆர் தோஸ்?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 'கைண்ட்' ஒருமை, 'பேர்ட்ஸ்' பன்மை. இது தப்பா?

இன்னொன்றும் உண்டு, 'ஸ்பீசீஸ்'. புதிதாகப் பட்டியல் எழுதுகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் ஒன்று என்றால் 'ஸ்பீசி' என்று எழுதுகிறார்கள். அப்படி ஒரு ஒருமை கிடையாது. எஸ் இல்லாமல் எழுதினால் அது நாணயப் பணத்தைக் குறிக்கிற வேறொரு சொல். ஓர் இனமும் 'ஸ்பீசீஸ்'தான், பத்து இனமும் 'ஸ்பீசீஸ்'தான். அதனால் இங்கே முன்னால் வரும் 'திஸ்', 'தீஸ்' மட்டும்தான் எண்ணிக்கையைக் காட்டும். அதைத் தப்பாகப் போட்டால் படிக்கிறவருக்கு வேறு வழியே இல்லை. பழனி மலைச் சிரிப்பானும் நீலகிரிச் சிரிப்பானும் இரண்டு தனி இனம். 'தீஸ் ஸ்பீசீஸ்' என்றால் இரண்டையும் சொல்கிறேன், 'திஸ் ஸ்பீசீஸ்' என்றால் ஏதோ ஒன்றை மட்டும். குறிப்பேட்டில் சுருக்கி எழுதும்போது எஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பி போட்டால் ஓர் இனம், இரண்டு பி போட்டால் பல இனம். அந்த ஒரு பி விட்டுப்போனதால் நான் ஒரு முழுக் காலைப் பதிவையும் மறுபடி சரிபார்த்திருக்கிறேன்.

கோத்தகிரி டீச்சர்

'வாட் கைண்ட் ஆஃப் பேர்ட்ஸ் ஆர் தோஸ்' சரியான கேள்விதான். நீங்கள் அங்கே கண்ணெதிரே பறக்கிற பறவைகளைச் சுட்டுகிறீர்கள், அவை பல. 'ஆர்' சேர்ந்திருப்பது கடைசியில் வரும் 'தோஸ்'ஸோடு. எதிரே ஒரு கூட்டம் நிற்கும்போது பன்மை இயல்பாக வரும். பலகைக்கு எதிரே கூட்டம் இல்லை, பெயர் மட்டும்தான்.

பண்ணைக்காடு புலவர்

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். டீச்சர் அம்மா சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் நம் பிள்ளைகள் ஏன் இங்கே தடுக்குகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. 'தமிழ் பேசுகிறவர்களுக்குப் பன்மை வராது' என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை.

'இந்த வகை மரம்' என்ற தொடரைப் பாருங்கள். மூன்று சொல். 'இந்த' என்பதற்கு ஒருமை பன்மை கிடையாது. இந்த மரம், இந்த மரங்கள், எதற்கும் அதே 'இந்த'தான். 'வகை'யும் அப்படியே, மூன்று வகை என்போம், வகைகள் என்று கட்டாயம் இல்லை. கடைசியில் 'மரம்'. நன்னூலில் பவணந்தியார் இதற்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்றே பெயர் வைத்திருக்கிறார். மரம் வளர்ந்தது என்றால் ஒன்று, மரம் வளர்ந்தன என்றால் பல. பெயர் மாறவில்லை, வினைதான் எண்ணிக்கையைச் சொல்கிறது. தொல்காப்பியரும் அஃறிணைப் பெயரின் ஒருமை பன்மையை வினையிடம்தான் விட்டிருக்கிறார். பேச்சிலோ 'இருக்கு' என்று ஒன்றுக்கும் பலவற்றுக்கும் ஒரே முடிவு.

ஆக நம் மொழியில் இந்தத் தொடர் முழுவதும் எண்ணிக்கை எங்கேயும் தலைகாட்டாமலே நடக்கும். இங்கிலீஷில் அதே தொடரில் நான்கு இடத்தில் எண்ணிக்கையைக் குறித்தாக வேண்டும். நான்கும் நமக்குப் புதிய இடம்.

அதில் 'ஆஃப்'க்குப் பிறகு வரும் பெயரைப் பற்றி நம் பிள்ளைகள் கவலைப்படத் தேவையே இல்லை என்பது என் கருத்து. அங்கே தமிழ்க் காது சரியாகவே சொல்கிறது. எங்கள் பக்கம் சந்தையில் 'ரெண்டு வகை வாழை வந்திருக்கு, விருப்பாட்சி, சிறுமலை' என்பார்கள். 'ரெண்டு வகை வாழைகள்' என்று ஒரு வியாபாரி வாயில் கேட்டதில்லை. டீச்சர் அம்மாவின் பெயர்ப்பலகை நம் நாக்கிலேயே இருக்கிறது. அதை நம்பி 'கைண்ட் ஆஃப் பனானா' என்று எழுதலாம். காவல் போட வேண்டிய இடம் 'இந்த'. 'இந்த' என்று நினைத்ததும் ஒரு நொடி நின்று, ஒரு வகையா பல வகையா என்று கேட்டுக்கொண்டால் போதும். மரம் எத்தனை என்று எண்ணக் கூடாது. தம்பி சோலையில் பத்து மரத்தைப் பார்த்தார், மரத்தை எண்ணினார், 'தீஸ்' வந்துவிட்டது. வகையை எண்ணியிருந்தால் 'திஸ்' வந்திருக்கும்.

உயர்திணைக்கு மட்டும் நம் காது வேறு மாதிரி. 'இரண்டு வகை மனிதன்' என்று சொல்ல மாட்டோம், 'இரண்டு வகை மனிதர்கள்' என்போம். இங்கிலீஷிலும் அங்கே 'டூ கைண்ட்ஸ் ஆஃப் பீப்பிள்'தான் காதுக்கு இதம்.

கூக்கால் பாதை

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. எழுதும்போது எதிரே இருந்த மரங்களை எண்ணித்தான் 'தீஸ்' போட்டேன். இதைப் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முத்தோரை மண்

எல்லோரும் 'கைண்ட்' பற்றிப் பேசுகிறீர்கள். 'வெரைட்டி'யை விட்டுவிட்டீர்கள். எங்கள் வீட்டுக்கு அது ஒரு போகத்தின் நஷ்டம்.

நாங்கள் உருளை போடுகிறவர்கள். நீலகிரியில் உருளைக்கு 1961லேயே ஒரு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. வேரில் கடுகைவிடச் சிறிய மணி மணியாக ஒட்டிக்கொண்டு செடியை வாடவைக்கும். அதிலும் இரண்டு இனம் உண்டு. எந்த ரகம் எதைத் தாங்கும், எத்தனை நாளில் வரும் என்று பார்த்துத்தான் விதைக்கிழங்கு வாங்க முடியும். ரகம் கலந்தால் தோட்டம் கெட்டது.

ஒரு நீர்ப்போகத்துக்கு வெளி மாநில வியாபாரி ஒருவரிடம் விதை கேட்டோம். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, நான்தான் செய்தி அனுப்பினேன். நான் அப்போது காலேஜ் முதல் வருடம். 'வீ நீட் எ குட் வெரைட்டி ஆஃப் சீட் பொட்டேட்டோஸ், தர்ட்டி பேக்ஸ்.' என் மனசில் இருந்தது 'நல்ல ரகம்'. வழக்கமாக வாங்குகிற குஃப்ரி ஜோதி வரும் என்று பெயரைக்கூட எழுதவில்லை.

லாரி வந்தது. அப்பா முதல் மூட்டையின் தையலை அரிவாளால் அறுத்துச் சாய்த்தார். வெள்ளைத் தோல், ஆழமில்லாத கண், ஜோதிதான். பதினோராவது மூட்டையைச் சாய்த்தபோது சிமெண்ட் தரையில் சிவப்புத் தோல் கிழங்கு உருண்டது. அப்பா ஒன்றைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் மண்ணைத் தேய்த்துப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். மூன்று ரகம், பத்துப் பத்து மூட்டை. போன் பண்ணினால், "நீங்கள்தானே வெரைட்டி கேட்டீர்கள்" என்கிறார் வியாபாரி. அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

'எ வெரைட்டி ஆஃப் பொட்டேட்டோஸ்' என்றால் பலதரப்பட்ட கிழங்கு. 'எ வெரைட்டி ஆஃப் பொட்டேட்டோ' என்றால் ஒரு ரகம். ஒரே ஒரு எஸ். அந்தப் போகம் மூன்று ரகத்தையும் தனித்தனிப் படுகையில் போட்டு, தனித்தனி நாளில் தோண்டி, கூலி இரண்டு மடங்கு ஆனது. இப்போது ரகத்தின் பெயரை எழுதாமல் நான் எதையும் கேட்பதில்லை.

கோத்தகிரி டீச்சர்

படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. காலேஜ் முதல் வருடப் பிள்ளையின் தலையில் 30 மூட்டை விழுந்திருக்கிறது.

நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. 'கைண்ட்ஸ் ஆஃப் ட்ரீ', 'கைண்ட்ஸ் ஆஃப் ட்ரீஸ்' இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், ஆனால் 'எ வெரைட்டி ஆஃப்' என்று வந்தால் பின்னால் உள்ள பெயரின் எண்ணிக்கை பொருளையே மாற்றும். வினையும் கூடவே மாறும். பலதரப்பட்ட பறவைகள் என்றால் 'எ வெரைட்டி ஆஃப் பேர்ட்ஸ் ஆர் சீன் ஹியர்'. ஒரு ரகக் கிழங்கு என்றால் 'திஸ் வெரைட்டி ஆஃப் பொட்டேட்டோ இஸ்'. ஒரு ரகம் என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'எ' என்பதை விட்டுவிட்டு 'ஒன் வெரைட்டி' என்றே எழுதுங்கள். அப்போது குழப்பத்துக்கு இடம் இல்லை.

குன்னூர் இலை

டீ ஃபேக்டரியில் இருக்கிறேன். எங்களிடம் இந்தச் சண்டை குறைவு. டீயை எண்ண முடியாது, அதனால் 'டூ கைண்ட்ஸ் ஆஃப் டீ' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆர்தடாக்ஸ் ஒன்று, நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சிடிசி ஒன்று. வாங்குகிறவர்களின் பட்டியலில் 'டீஸ்' என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், அங்கே அந்த எஸ்ஸே 'வகைகள்' என்று சொல்கிறது. 'கைண்ட்ஸ் ஆஃப் டீஸ்' என்று இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்ன மாதிரி ஆகிவிடும்.

கூக்கால் பாதை

எல்லோருக்கும் நன்றி. மற்ற பலகைகளையும் இன்று காலை போய்ப் பார்த்தேன். ஐந்தாவது பலகையில் 'ஒன் ஆஃப் த பெஸ்ட் வியூ பாயிண்ட்' என்று இருக்கிறது. 'ஒன்' என்பதால் ஒருமை போட்டேன். இதுவும் தப்பா?

பண்ணைக்காடு புலவர்

தப்புதான் தம்பி. இங்கே தமிழே கைகொடுக்கும். 'நல்ல காட்சிமுனையில் ஒன்று' என்று எழுதுவீர்களா? 'காட்சிமுனைகளில் ஒன்று' என்றுதான் எழுதுவீர்கள். பலவற்றிலிருந்து ஒன்றை எடுப்பதால் நாமும் இங்கே 'கள்' போடுகிறோம். அதே இடத்தில் இங்கிலீஷிலும் எஸ் போட்டுவிடுங்கள். 'வகை' வந்தால் 'கள்' வேண்டாம், 'களில் ஒன்று' வந்தால் கட்டாயம் வேண்டும். இரண்டிலும் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கூக்கால் பாதை

ஐந்தாவது பலகையில் எஸ் சேர்க்க இடம் இருந்தது, சேர்த்துவிட்டேன்.

முதல் பலகையில் 'தீஸ்'ஸின் கடைசி மூன்று எழுத்தை பிளேடால் சுரண்டி இரண்டு எழுத்தாக எழுதினேன். 'ட்ரீஸ்'ஸின் எஸ்ஸையும் சுரண்டினேன். ஆனால் 'இஸ் குரோயிங்'கை எடுத்ததும் நடுவில் பெரிய ஓட்டை விழுந்தது, பச்சையும் கொஞ்சம் பெயர்ந்துவிட்டது. அதனால் பலகை முழுவதும் மறுபடி பச்சை அடித்து வெயிலில் வைத்திருக்கிறேன். மத்தியானம் மூடுபனி வருவதற்குள் காய்ந்துவிடும். எழுதப்போவது இது, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் டீச்சர்:

'திஸ் கைண்ட் ஆஃப் ட்ரீ குரோஸ் அட் த எட்ஜ் ஆஃப் த ஷோலா.'

கோத்தகிரி டீச்சர்

சரியாக இருக்கிறது. எழுதுங்கள்.